தாடியில் தடவிய எண்ணெய்

விமான நிலையத்தில் தீயணைப்பு வேலை என்றால் பாதிப் பேர், "தினமுமா பிளேன் எரியுது?" என்று கேட்பார்கள். என் மாமனார் பெண் கொடுக்க வந்த அன்றே கேட்டார். தினமும் எரியாது. என் சர்வீஸ் முழுவதிலும் ஓடுபாதையில் பெரிய தீ எதையும் நான் பார்த்ததில்லை. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று அர்த்தமில்லை. ஓடுவோம், குழாயை விரிப்போம், சுருட்டுவோம், வண்டியைக் கழுவுவோம், மறுபடி ஓடுவோம். எனக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களில் செத்தவன் ஒருவன்தான். அவனைக் கொன்றது விமானம் இல்லை.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சம்பளத்துக்காகக் கொடி பிடிக்கிற சங்கம் இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இது தொழிலுக்கான சங்கம். எந்த பூட்ஸ் சூட்டில் இளகுகிறது, எந்தக் கையுறை நனைந்தால் கையைச் சுடுகிறது, எந்த ஊரில் பயிற்சி ஏனோதானோ என்று நடக்கிறது என்பதையெல்லாம் பேசிப் பேசி, எழுதி எழுதி, கேட்கிற இடம் வரைக்கும் கொண்டுபோகிற சங்கம். தலைமை மெயின்லேண்டில். அந்தமான் கிளை என்பது போர்ட் பிளேயரில் நாங்கள் முப்பது சொச்சம் பேர். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அந்தக் கிளைக்கு நான் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் செயலாளர்.

செயலாளராக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஓர் அட்டை. புகைக்குள் போகிறவன் முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு, முகத்தில் ரப்பர் விளிம்பு வைத்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போவான். அந்த ரப்பர் முகத்தோடு முகமாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்று வகுப்பில் நானே பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாஸ்க்குக்குள் காற்று வெளியே தள்ளுகிற அழுத்தத்தில்தான் இருக்கும். அதனால் இடைவெளி இருந்தாலும் புகை உடனே உள்ளே வந்துவிடாது. நல்ல காற்றுதான் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அரை மணி வரவேண்டிய சிலிண்டர் ஓட்டைக் குடம் மாதிரி பாதியிலேயே காலியாகும். மாட்டியிருப்பவனுக்கு அது தெரியவும் தெரியாது.

அந்த இடைவெளியை உண்டாக்குவது முடி. எங்கள் ஆட்களிடம் தாடிக்குப் பஞ்சமே இல்லை. கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவர்கள் சவரக் கத்தியை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்தார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மாசக்கணக்கில் முடி வளர்ப்பார்கள். சாமி விஷயத்தில் யார் வாயைத் திறப்பது என்று எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தோம். நான்தான் ஒருநாள் ரோஷம் வந்து உட்கார்ந்து டைப் அடித்தேன். ரப்பர் படும் இடத்தில் முடி இருக்கக் கூடாது. இருந்தால் சங்கத்தின் பயிற்சி எதிலும் புகைக்குள் போகக் கூடாது. விலக்கு இல்லை. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தபோது எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. தலைமைச் சங்கம் அதை அட்டையாக அடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியது.

இப்போது என் பித்தலாட்டத்தைச் சொல்ல வேண்டும். அட்டை வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் நானும் மாலை போட்டிருந்தேன். தாடியோடு மாஸ்க் போட வேண்டி வந்தது. மாஸ்க் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காற்று வரும் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு உறிஞ்சிக்கொண்டு நின்றால் சரி. எனக்கு நிற்கவில்லை. சட்டென்று ஒரு யோசனை வந்தது. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தாடியில் நன்றாகத் தேய்த்து, கீழ்நோக்கிப் படிய வாரிவிட்டு மறுபடி இழுத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பயிற்சி ஐந்து நிமிடம்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது ஒரு வழி என்று நான் நம்பிவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். எங்கள் கிளையின் போன் குரூப்பில் குரல் பதிவாகவே போட்டேன்.

செத்தவன் என்னைவிட நான்கு வயது சின்னவன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அவன் அப்பா மீன்பிடி வேலைக்குத் தீவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். புகைக்குள் அவன் அளவுக்குத் தெளிவாக நடக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் உள்ளே போனால் தடுமாறித் தடவுவோம். அவன் சுவரில் புறங்கையை வைத்துக்கொண்டு தன் வீட்டு அடுப்படிக்குப் போகிற மாதிரி போவான். சாப்பாட்டு நேரத்தில் அவன் டப்பாவைத் திறந்தால் பாதி ஷிப்ட் அங்கே கூடிவிடும். அவன் மனைவி வைக்கிற மீன்குழம்பு அப்படி.

அவள் அந்தமானிலேயே லாங் ஐலண்ட் என்கிற தீவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான பிறகு இரண்டு முறை கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது முறை தங்கியதும் அவள்தான் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறக்கும் வரை அவன் முடியில் கத்தி படாது. பிறந்ததும் கப்பலேறி வேளாங்கண்ணிக்குப் போய் அவனுக்கும் பிள்ளைக்கும் மொட்டை. அவன் இதை ஷிப்டில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தான். தாடி கொஞ்சம் வளர்ந்ததும் எங்களுக்குக் கொண்டாட்டம். "அரே பக்ரா, இதர் ஆ" என்று ராஞ்சிக்காரன் ஒருவன் ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவான். இவன் நிஜமாகவே "மே" என்று கத்திக்கொண்டு போவான்.

அவளுக்கு ஆறாவது மாதம் நடந்தபோது தலைமைச் சங்கத்தின் பொதுச் செயலாளர் எங்கள் கிளையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை நாங்கள் விடுமுறை நாளில், சொந்த ஏற்பாட்டில், ஒரு புகைப் பயிற்சி நடத்துவோம். வேலையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. சங்கத்தின் பயிற்சி, சிலிண்டரும் மாஸ்க்கும் சேர்ந்த சங்கத்தின் சொந்த செட்டுகள், சங்கத்தின் பொறுப்பு. ஊருக்கு வெளியே ஒரு கான்ட்ராக்டர் தன் யார்டில் பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அதற்குள் தடுப்புப் பலகைகள் வைத்து வழியைச் சுற்றிவிட்டு, ஒரு மூலையில் ஈரத் தேங்காய் மட்டையும் சாக்கும் போட்டுக் கொளுத்துவோம். உள்ளே எங்கோ மணல் அடைத்த பொம்மை கிடக்கும். இரண்டு பேர் போய்த் தேடி இழுத்து வர வேண்டும். பொதுச் செயலாளர் முன்னால் எங்கள் பயிற்சி மெயின்லேண்டுக்குச் சளைத்ததில்லை என்று காட்ட வேண்டும் என்பது என் வெறி. தீவுக்காரர்கள் என்றால் கடலைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறவர்கள் என்று அங்கே ஒரு நினைப்பு இருந்தது.

நான்கு நாள் முன்னால், ஷிப்ட் முடிந்து பைக்கை எடுக்கிற இடத்தில் அவன் என்னைப் பிடித்தான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம நா வெளிய நிக்கேன். பம்பப் பாத்துக்கிடுதேன். தாடி இருக்குல்லா. நீங்க போட்ட சட்டம்தான."

அவன் சொன்னது சரி. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது. நான் விடவில்லை.

"நீ வெளிய நின்னா உள்ள யாரு போறது? இருக்கறதுல பாதிப் பேருக்கு அன்னைக்கு டியூட்டி. மிச்சம் இருக்கவனெல்லாம் உள்ள போயி பொம்மைக்குப் பதிலா சுவத்தைப் பிடிச்சு இழுப்பான். பெரியவர் வாட்ச்சப் பாத்துக்கிட்டு நிப்பாரு."

அவன் சிரித்தான். "அப்ப என்ன செய்யச் சொல்லுதிய?"

"எண்ணெய் தடவிக்க. நல்லா அழுத்தி வாரு. மாஸ்க் கப்புனு பிடிச்சுக்கும். நான் மாலை போட்டப்ப அப்படித்தான் செஞ்சேன்."

"நிக்குமாண்ணே?"

"நிக்கும்டா. நான் சொல்றேன்ல."

மறுநாள் வந்து, எண்ணெயே தடவிக்கொள்கிறேன் என்றான். நல்லது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பந்தலுக்குச் சொல்லணும், மைக் செட்டுக்குச் சொல்லணும் என்று எனக்குத் தலைக்கு மேல் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். பொதுச் செயலாளர் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் தாடி எண்ணெயில் மினுங்கியது. உள்ளங்கையால் மாஸ்க் வாயை அடைத்து இழுத்துக் காட்டினான், நின்றது. எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். சோதனைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்திட்டது நான்தான். ஜோடியாக அந்த ராஞ்சிக்காரன். இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். கன்டெய்னர் கதவு சாத்தப்பட்டது.

வெளியே போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. யார், எந்த நேரத்தில், எவ்வளவு காற்றோடு உள்ளே போனார்கள் என்று எழுதி, எப்போது காற்று குறையும் என்று கணக்குப் போட்டு வைக்க வேண்டும். காற்று குறைந்தால் செட்டிலேயே ஒரு விசில் அடிக்கும். என் கணக்குப்படி இருபது நிமிடத்துக்கு முன்னால் எந்த விசிலும் அடிக்கக் கூடாது. அவசரத்துக்கு உள்ளே போக இரண்டு பேர் செட்டோடு தயாராக நிற்க வேண்டும் என்பதும் விதி. அந்த இரண்டு பேரை நான் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துக் காட்ட அனுப்பியிருந்தேன். பெரியவர் கேட்டார் என்று. பம்ப் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது.

பதினோராவது நிமிடத்தில் எனக்கு ஒரு விசில் கேட்டது. போர்டைப் பார்த்தேன். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. பம்பில்தான் ஏதோ கீச்சிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் காதைவிட என் கணக்கை நம்பினேன். எண்ணெய் தடவச் சொன்னவன் நான், முடி இருந்தால் காற்று கசியும் என்று வகுப்பெடுத்தவன் நான். இந்த இரண்டும் என் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே நடந்ததை ராஞ்சிக்காரன் பிறகு சொன்னான். தன் செட்டில் விசில் அடித்ததும் இவன் ராஞ்சிக்காரன் கையைத் தட்டித் திரும்பலாம் என்று காட்டியிருக்கிறான். சரியாக அதே நேரத்தில் பொம்மையின் கால் இவன் கையில் பட்டிருக்கிறது. விசில் அடித்த பிறகும் சில நிமிடக் காற்று இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டிய மாஸ்க்குக்கு அது சரி. வெறுங்கையோடு வெளியே வந்தால் பெரியவர் முன்னால் எனக்குத்தான் அசிங்கம் என்று அவன் நினைத்திருப்பான். இரண்டு பேரும் பொம்மையை இழுக்க ஆரம்பித்தார்கள். இழுக்கிற வேலையில் வியர்வை கொட்டியது, எண்ணெய் வழுக்கியது, மாஸ்க் கன்னத்தில் நகர்ந்தது. இரண்டாவது திருப்பத்தில் காற்று சுத்தமாக நின்றது. காற்று நின்ற மாஸ்க் முகத்தை அமுக்கும். எவ்வளவு பயிற்சி இருந்தாலும் கை தானாகப் போய் அதைப் பிய்த்துப் போட்டுவிடும். அவனும் பிய்த்துப் போட்டான். சாக்குப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தான்.

ராஞ்சிக்காரன் பொம்மையை விட்டுவிட்டு அவனை இழுத்து வந்து கதவை உதைத்தான். கதவு திறந்ததும் பொதுச் செயலாளர் கைதட்டினார். அவன் இழுத்து வந்தது பொம்மை என்று நினைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். முதல் நாள் மாலை என்னை உள்ளே விட்டார்கள். எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வாய்க்குள் குழாய் செருகி, அது நகராமல் இருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்திரி ஒட்டுவதற்காகத் தாடியைச் சுத்தமாக வழித்திருந்தார்கள். எந்த மாஸ்க்கும் ஒட்டுகிற கன்னம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து, "பையா, யஹான் மத் பைட்டியே" என்று எழுப்பி வெளியே அனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் அவன் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். நான் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் போயிருக்கலாம். பொய் இல்லை. ஏன் பொருந்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாடியை ஆஸ்பத்திரியில் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டதால் விசாரிக்க வந்தவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. தெரிந்த எங்கள் ஆட்கள் சாமி விஷயம் என்று வாயைத் திறக்கவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதியது. பொதுச் செயலாளர் மெயின்லேண்டுக்குப் போய் போன் செய்தார். செட்டில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை நான் எழுதிக் கொடுத்தால் நல்ல செட்டுகள் கேட்டு நாடு முழுக்கப் போராட வசதியாக இருக்கும், அவன் சாவுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும் என்றார். எழுதித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

நான் வாயைத் திறக்காததற்கு எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். தாடி அவள் வைத்த நேர்ச்சை. தாடிதான் காரணம் என்று நான் சொல்லிவிட்டால், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், நான் வேண்டிக்கொண்டதுதான் அவரைக் கொன்றது என்று நினைப்பாள். ஆயுசுக்கும் அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு? அதை நான் சுமந்துவிட்டுப் போகிறேன். இப்படி நினைக்கும்போது எனக்கு அழுகை வரும். நான் எவ்வளவு நல்லவன் என்று நினைத்தும் கொஞ்சம் அழுதிருப்பேன். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் என் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து போகும். அந்த இரைச்சலில் அழுதால் வீட்டில் யாருக்கும் கேட்காது.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அடுத்த வாரம் மெயின்லேண்டிலிருந்து முகம் தெரியாத ஓர் உறுப்பினர் போன் செய்தார். வேறு ஏதோ விமான நிலையத்தில் வேலை. மரியாதையான ஆள்.

"சார், கார்த்திகை வருது. எங்க கிளையிலயும் பயிற்சி வெச்சிருக்கோம், பசங்க மாலை போடுறாங்க. தேங்காய் எண்ணெய் மெத்தட்னு உங்க வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு சுத்திட்டு இருக்கு. அது ஓகேதானே சார்? நல்லெண்ணெய் தடவலாமா?"

என் குரல் கடல் தாண்டிப் போயிருந்தது. இன்னொரு ஊரில் இன்னொருவன் கன்னத்தில் எண்ணெயைத் தடவிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டப் போகிறான். கூடாது, யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று கத்தினேன். அவர் பயந்துபோய், சரி சார், சரி சார் என்றார். ஒருவரை நிறுத்திவிட்டேன். எத்தனை பேரிடம் அந்தப் பதிவு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் கிளையில் பயிற்சியின்போது ஓர் உறுப்பினர் உயிரிழந்தார். நேர்ச்சைக்காகத் தாடி வளர்த்திருந்தார். தாடியில் எண்ணெய் தடவி மாஸ்க் சோதனையில் தேறினார். எண்ணெய் சோதனையில் நிற்கும், வேலையில் நிற்காது. காற்று கசிந்து சிலிண்டர் முன்கூட்டியே காலியாகும். சில உறுப்பினர்களிடையே இந்தப் பழக்கம் இருப்பதாகத் தெரிகிறது. உடனே கைவிட வேண்டும். அவ்வளவுதான். பெயர் இல்லை. ஆனால் போர்ட் பிளேயரில் பெயர் எதற்கு? படித்த அன்றைக்கே அவள் காதுக்குப் போய்விடும். யாரோ சொல்லி அவள் கேட்பதைவிட நானே கொண்டுபோய்க் காட்டுவதுதான் முறை என்று கிளம்பினேன்.

மரைன் ஹில்லில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு. மேட்டில் ஏறி நிற்கும்போது கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பலுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவள் எனக்கு டீ வைத்தாள். விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாதாவுக்கு வைத்த நேர்ச்சையில் தப்பு இல்லை, நம்பிக்கை வேறு, ரப்பர் வேறு, நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். மெதுவாகப் படித்தாள்.

"நேர்ச்சைன்னு போட்டிருக்கீங்க," என்றாள்.

"ஆமாம்மா. அதான் உங்ககிட்ட முதல்ல..."

"அத நான் மாத்திட்டேன்ணே."

எனக்குப் புரியவில்லை.

"டிரில்லுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து சொன்னாரு. தாடி இருந்தா உள்ள போகக் கூடாது, அண்ணன் போட்ட ரூலுன்னாரு. அப்ப வழிச்சிருங்கன்னேன். மாதா கோச்சுக்க மாட்டாங்க, மத்லப், அதாவது, உங்க தாடிக்குப் பதிலா நான் என் முடியக் குடுக்கறேன்னு சொல்லி அப்பவே வேண்டிக்கிட்டேன். புது ப்ளேடு வாங்கிட்டு வரச் சொன்னேன், வாங்கிட்டும் வந்தாரு. நான் தண்ணி சுட வெச்சுட்டேன். அதுக்குள்ள அவருதான் யோசிச்சாரு. இரு, அண்ணன் எண்ணெய் போதும்னுட்டாரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ வெச்ச நேர்ச்சைய ஏன் ஒடைக்கணும்னாரு."

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் எழுந்து போகவில்லை.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். சாவுக்கு வந்தப்ப நீங்க அழுதத பாத்து, தெரிஞ்சுதான் அழுவறீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை மாதமாக அவளுடைய பாரத்தை நான் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பாரமே இல்லை. அவள் ப்ளேடும் வெந்நீருமாகக் காத்திருந்தவள். சுமந்தது முழுக்க என்னுடையது. அதை அவள் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு, தியாகி மாதிரி அழுதிருக்கிறேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"சில பேருக்கு இந்தப் பழக்கம் இருக்குன்னு போட்டிருக்கு. தடவச் சொன்னது யாருன்னு போடலயே?"

அவள் அலமாரிக்குப் போய் ஒரு பேனாவை எடுத்து வந்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். கோபமாக இல்லை. கடையில் விட்டுப்போன சாமானை நினைவுபடுத்துகிற மாதிரிதான் நின்றாள். நான் எழுதினேன். இந்த யோசனையை இறந்தவருக்குச் சொன்னவன், அவர் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றபோதும் கட்டாயப்படுத்தி உள்ளே அனுப்பியவன், கிளைச் செயலாளராகிய நான். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். உள்ளே அழுகை நின்றிருந்தது.

"இப்ப அனுப்புங்க," என்றாள். "அச்சாகி வந்ததும் எனக்கு ஒண்ணு வேணும்ணே. இவ பெரியவளாகி, அப்பா எப்படி செத்தாருன்னு கேட்டா காட்டணும். என் வாயால சொல்ல எனக்கு வராது."

அனுப்பினேன். இரண்டு நாளில் பொதுச் செயலாளர் கூப்பிட்டார். சுற்றறிக்கை பிரமாதம், உயிர்களைக் காப்பாற்றும், எல்லாக் கிளைக்கும் அட்டையாகவே போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே என்றார். ஒரு செயலாளரே இப்படிச் செய்தார் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு நாம் எந்தத் தரத்தைப் பற்றி யாரிடம் பேச முடியும், சங்கத்தையே கைகழுவி விடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. சரி சார் என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அந்தக் கடைசி வரி இல்லாமல் அட்டை அச்சாகி வந்தது. எண்ணெய்ப் பழக்கம் நின்றது. அந்தக் கார்த்திகையில் மாலை போட்டவர்கள் புகைக்கு வெளியே நின்றார்கள், பம்ப் பார்த்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. நான் இன்னும் செயலாளர்தான். அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு லாங் ஐலண்டுக்கு அப்பா வீட்டுக்கே போய்விட்டாள். எப்போதாவது போன் செய்வாள். குழந்தை குப்புற விழுகிறது, உட்காருகிறது, பல் முளைத்துவிட்டது என்று சொல்வாள். வைப்பதற்கு முன்னால் மறக்காமல் கேட்பாள்.

"அந்தத் தாள் அச்சாகி வந்துருச்சாண்ணே?"

"இன்னும் வரலம்மா. மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வரணும்ல."

"சரிண்ணே. வந்தா குடுத்து விடுங்க."

அட்டை வந்து எட்டு மாதம் ஆகிறது.